தறி ஷெட்டில் ஒரு மாதிரி வீடு

இன்று மச்சானோடு, அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறிவிட்ட அந்தப் பழைய மில்லுக்குப் போயிருந்தேன். மூலக்குளத்து வீட்டை விட்டுவிட்டு அங்கே ஃப்ளாட் வாங்கப் போகிறானாம்.

மாதிரி வீட்டைக் காட்டிய பெண் ஜன்னலைச் சாத்தினாள். "பாருங்க சார், வெளிய இருந்து சத்தம் துளிகூட வராது. எப்பவுமே அமைதியான இடம்."

"எப்பவுமேவா? இது தறி ஷெட்டும்மா. எங்கப்பாவுக்குக் காது போனதே இங்கதான்!" என்றேன்.

"மாமா, வீடு பாக்க வந்தமா, வம்பு வாங்க வந்தமா?" என்றான் மச்சான்.

"சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. பக்கத்துல ஒரு ஃபேமிலி பாத்துட்டு இருக்காங்க" என்றாள் அந்தப் பெண்.

காது மந்தமான அப்பா வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். காலேஜ் நண்பர்கள் வந்திருந்த ஒருநாள், "மெதுவா பேசுப்பா, மானம் போவுது" என்றேன். அதன்பிறகு யார் வந்தாலும் அவர் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். சாகும்வரை நான் ஒருமுறைகூட உள்ளே கூப்பிடவில்லை.

மில்லை விற்றவர்களைத் திட்டி இந்தப் பக்கத்தில் எத்தனையோ பதிவுகள் எழுதியிருக்கிறேன். இதை எழுதியதில்லை.

மச்சானுக்கு வீடு பிடித்துவிட்டது. புதுமனை புகுவிழாவுக்குக் கூப்பிடுவான். அங்கே எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்று குடிபோகிறவர்கள் யாராவது சொல்லுங்கள்.