கட்டைவிரல் போட்ட தாய்மார்கள்

பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ரிட்டையர் ஆனவள் நான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். சனிக்கிழமைதோறும் சர்ச் ஹாலில், படிக்காத தாய்மார்களுக்குப் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குரூப்பைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தோல் பட்டறையில் வேலை செய்யும் செல்வி ஒருநாள் அழுதுகொண்டே ஹாலுக்கு வந்தாள்.

"ஆயாம்மா, பாப்பா பேர ஆறாங்கிளாஸ் லிஸ்ட்லருந்து தூக்கிட்டாங்க. நான் இன்னா பண்ணேன்னே தெரியல."

போனை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். 'அடுத்த வருடம் நம் பள்ளியில் தொடராதவர்கள் மட்டும் கட்டைவிரல் போடவும்.' செல்வி கட்டைவிரல் படத்தைப் போட்டிருந்தாள்.

"இன்னாடி இது?"

"மிஸ் எது அனுப்புனாலும் போடுவேன். போடலன்னா மரியாத தெரியாதவன்னு நெனைப்பாங்கல்ல?"

அவளை இழுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த அதே பள்ளிக்குப் போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அவங்களேதான் தம்ஸ் அப் போட்டிருக்காங்க. நாங்க என்ன செய்யறது? ரிட்டையர் ஆனப்புறம் உங்களுக்கு ஏன் இந்தத் தலைவலி?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "குரூப்பை மேல தள்ளிப் பாருங்க மேடம்."

தள்ளினார். நாளைக்கு லீவு என்பதற்குச் செல்வியின் கட்டைவிரல். ஷூ வாங்கச் சொன்னதற்கும் அதே. கணக்கு டீச்சரின் அப்பா இறந்த செய்திக்கு எல்லாரும் கைகூப்பியிருக்க, இவள் மட்டும் கட்டைவிரல்.

"ஐயோ, சாவுக்கா போட்டேன்?" செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேடத்தின் குரல் இறங்கியது. "சரி, பொண்ணு தொடருவான்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

"எழுதத் தெரிஞ்சா இங்க ஏன் வந்து நிக்கிறா? படிக்காதவகிட்ட கைநாட்டு வாங்குற காலம் இன்னும் போகலையா?"

பேசி அனுப்பும் மைக்கைச் செல்விக்குக் காட்டினேன். அழுத்திப் பிடித்தாள்.

"மிஸ், நான் ரேவதி அம்மா. பாப்பா எங்கயும் போவல. இங்கதான் படிப்பா. எனக்குப் படிக்கத் தெரியாது மிஸ். தெரியாம போட்டுட்டேன்."

குரூப்பில் அது போய் விழுந்த கொஞ்ச நேரத்தில் மேடத்தின் போன் கத்தியது. மறுபடியும் கத்தியது. மற்ற தாய்மார்கள் பேசி அனுப்பியதை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டார்.

"மிஸ், நானும் சும்மாதான் போட்டேன்..."

"மிஸ், எம்பையன் பேரும் போயிடுச்சா மிஸ்?"

மேடம் கிளார்க்கைக் கூப்பிட்டு லிஸ்ட்டை மாற்றச் சொன்னார். எங்களை உட்காரவும் சொன்னார். நான் உட்காரவில்லை.

வகுப்பெடுக்க வருகிறவர்களே, முதல் நாளே மைக்கைக் காட்டுங்கள். பள்ளிக்கூடத்துக்காரர்களே, ஒரு பிள்ளையின் பெயரை அடிப்பதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்?