சகலை கடை முடிச்சு

கடலுக்கு மூணு மணி நேரம் தள்ளி இருக்கிற திண்டுக்கல்லுல உக்காந்துகிட்டு, கடல் மீன் பிடிக்கிற சாமான் வித்துப் பிழைக்கிறவன் நான். சனி ஞாயிறானா தூத்துக்குடி, ராமேஸ்வரம்னு வாடகைப் படகுல தூண்டில் போடப் போற ஆளுங்க நம்ம ஊர்ல நெறைய உண்டு. அவங்களுக்கு வேண்டியதைப் பூட்டிக் குடுக்கிறது என் வேலை. உங்க தொழில் எதுவா வேணா இருக்கட்டும். அதே தெருவுல அதே தொழிலை உங்க சகலையும் பண்றாருன்னா, நீங்க என் கட்சி. வாங்க, சேந்து வயிறெரிவோம்.

குண்டு, கிளிப்பு, முடிச்சு

முதல்ல வேலையைச் சொல்லிடுறேன். ஓடுற படகோட ஓரத்துல ஒரு ராட்டு இருக்கும். அதுல இருந்து தடிச்ச பின்னல் கயிறு தண்ணிக்குள்ள இறங்கும், நுனியில ஈயக்குண்டு. கயித்துல ஒரு கிளிப்பு. தூண்டிலோட நைலான் நரம்பை அந்தக் கிளிப்பு கவ்விக்கிட்டா, இரை மேல மிதக்காம ஆழத்துலயே ஓடும். மீன் கடிச்சு இழுத்ததும் கிளிப்பு நரம்பை விட்டுடணும். அந்தக் கிளிப்பு கயித்துல சறுக்காம நிக்க ஒரு தடுப்பு வேணும். அதுக்கு ரப்பர் மணி மாட்டுவாங்க. நானும் அதான் மாட்டினேன்.

பழனியில பஞ்சாமிர்தக் கடை வச்சிருக்கிற துரைச்சாமிதான் என் முதல் வாடிக்கை. மாசம் ஒருக்கா அஞ்சாறு பேரைக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போவாரு. அவரைப் பாத்துத்தான் பழனி, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆளுங்க என் கடைக்கே வந்தாங்க. அவரு போனா அம்புட்டுப் பேரும் போயிருவாங்க, கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அப்பேர்ப்பட்ட மனுசன் ஒருநாள் வந்து, ரப்பர் மணி சறுக்கி, கிளிப்பு குண்டு வரைக்கும் இறங்கி, இரை பாறையில மாட்டி நரம்பு அறுந்த கதையைச் சொன்னாரு. கோவமே படாமச் சொன்னாரு, அதுதான் எனக்குப் பயம். கடைசியில கேட்டாரு: "ஏனுங்க, எதிர்த்த கடையில செவப்பு நூல்ல ஒரு முடிச்சுப் போட்டுத் தர்றாங்களாமா, அது நகர்றதே இல்லீங்களாமா, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

நல்லவனா இருந்து தொலைக்கிறான்

எதிர்த்த கடைக்காரன் அருள். என் பொண்டாட்டி பிலோமினாவோட தங்கச்சி புருசன். என் கடையில ரெண்டு மாசம் உக்காந்து வேலையைப் பாத்துட்டு, எதிர்லயே கடை திறந்தவன். திறப்பு விழா அன்னைக்கு முதல் தட்டு கேசரி எனக்குத்தான். அதையும் வாங்கித் தின்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

வாய் நிறையத் திட்டலாம்னா ஆளு நல்லவன். காலையில ஷட்டரைத் தூக்கினதும் "அண்ணே, டீ சொல்லவா?"ம்பான். இப்படிப்பட்டவன் மேல எப்படிங்க பொறாமைப்படுறது? ஆனா பட்டேன். அவன் கடை வாசல்ல எத்தனை பைக்கு நிக்குதுன்னு எண்ணுறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. ஒருநாள் ஒரு பையன் என் வாசல்ல வண்டியை நிப்பாட்டினான். "வாங்க தம்பி, என்ன வேணும்?"னு நான் ஓடாத குறையா எந்திரிச்சேன். அவன் சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "ஒண்ணுமில்லண்ணே, அங்க கூட்டமா இருக்கு, செத்த நேரம் உங்க நிழல்ல நின்னுக்கிறேன்."

செத்த மீனுக்குச் சுற்றுலா

முடிச்சுல தோத்தா போகுது, கிளிப்புல ஜெயிக்கிறேன்னு கிளம்பினேன். அருள் கடைக் கிளிப்பு அலை அடிச்சாலே நரம்பை விட்டுருதுன்னு யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. அவ்வளவுதான். துரைச்சாமி வாங்கின நாலு கிளிப்புலயும் ஸ்க்ரூவைத் திருகு திருகுன்னு திருகினேன். "இது விடவே விடாதுங்க"ன்னு பெருமையா வேற சொன்னேன். மீன் கடிச்சா விடணும்கிறதுக்குத்தான் அந்தச் சாமானே இருக்குதுங்கிற புத்தி அப்ப எங்க போச்சோ!

திங்கக்கிழமை வந்து நின்னாரு. சீலா மீன் ஒண்ணு கடிச்சிருக்கு. கிளிப்பு விடல. மேல படகுல இருக்கிற தூண்டில் கம்பு அசையவே இல்ல. இவங்க பாட்டுக்குப் படகை ஓட்டிக்கிட்டே, கொண்டுபோன புளியோதரையைத் தின்னு முடிச்சிருக்காங்க. கயித்தை மேல தூக்கினப்பத்தான் மீன் செத்து வெறைச்சுத் தொங்கியிருக்கு. துரைச்சாமி அப்பவும் மரியாதையாத்தான் பேசினாரு: "செத்த மீனை ஒரு மணி நேரம் கடலைச் சுத்திக் காட்டிட்டு வந்திருக்கறோமுங்க, அடுத்த மாசமும் இப்படின்னா எதிர்த்த கடைக்குப் போயிக்கிறோமுங்க, தப்பா நெனைச்சுக்காதீங்க."

உளவு

அதுக்கப்புறம் மானம் ரோசம் பாக்கல. தெரிஞ்ச ஆட்டோக்காரரை அனுப்பி, அருள் கடையில இருந்து முடிச்சுப் போட்ட கயிறு ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னேன். கடையில வச்சுப் பிரிச்சா அவன் பாத்துருவான்னு மத்தியானம் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

முடிச்சு கடுகு அளவுதான் இருக்கு. ஊசியால நெம்புறேன், பல்லால கடிக்கிறேன், நகராது. விரலு சிவந்து போச்சு. இந்த அருளுப் பயலுக்கு இந்தக் கை எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு எரியுது. பிலோமினா சோறு போட்டு, கத்திரிக்கா வெஞ்சனத்தை வச்சுட்டு, என் கையைப் பாத்தா. "ஏங்க, அதை ஏன் இப்படிப் பிராண்டுறீங்க? அது நான் கட்டுனது."

நீங்க கேட்டீங்களா?

கயித்தைக் கீழ வச்சேன். அவ பொறந்த ஊரு சின்னாளப்பட்டி. கல்யாணத்துக்கு முந்தி சுங்குடிச் சேலைக்கு முடிச்சுக் கட்டினவ. சேலையில சிட்டிகை சிட்டிகையாத் துணியைக் கிள்ளி நூலால கட்டுவாங்க. சாயம் உள்ள போகாத அளவுக்கு இறுகணும், வேலை முடிஞ்சதும் ஒரே இழுப்புல அவிழணும். அந்த முடிச்சைத்தான் எட்டு மாசமா தங்கச்சி கடைக்குக் கட்டிக் குடுத்திருக்கா. நான் கடையில பைக்கு எண்ணிக்கிட்டு இருந்த நேரமெல்லாம் என் வீட்டுல, என் ஃபேனுக்குக் கீழயே இந்த வேலை நடந்திருக்கு!

"கட்டுன புருசனை விட்டுட்டு ஊரான் கடைக்குக் கட்டுவியா?"ன்னு கத்தினேன்.

"தங்கச்சி புருசன் ஊரானா? நம்ம கடை ஆரம்பிச்ச புதுசுல, நானும் ஏதாச்சும் செஞ்சு தரவான்னு உங்ககிட்டத்தான் முதல்ல கேட்டேன். கடல் சாமான்ல உனக்கு என்னடி தெரியும்னீங்க."

சொல்லியிருக்கேன். நல்லா ஞாபகம் இருக்கு. துரைச்சாமி முகம் கண்ணு முன்னாடி வந்துச்சு. தட்டைத் தள்ளி வச்சுட்டு, எனக்கும் கட்டித் தான்னு கேட்டேன். இந்த வாயால கேட்டேன். அவ தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினா. "கட்டித் தாரேன். ஆனா அவளுக்குக் கட்டுறதை நிறுத்துன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க, உங்களுக்கும் கிடையாது."

துரைச்சாமி திரும்பி வந்தாரு

அடுத்த மாசம் பிலோமினா கட்டுன முடிச்சோடயும், ஒழுங்கா ஸ்க்ரூ வச்ச கிளிப்போடயும் அவரை அனுப்பினேன். திங்கக்கிழமை காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு கார் வந்து என் கடைக்கும் அருள் கடைக்கும் நடுவுல நின்னுச்சு. இறங்கி நேரா என் கடைக்கு வந்தாரு. கையில பஞ்சாமிர்த டப்பா. மூணு வஞ்சிரமாம். கடிச்ச கையோட கிளிப்பு விட்டுச்சாம், முடிச்சு ஒரு நூல்கூட நகரலையாம்.

"யாருங்க கட்டுனது?"ன்னாரு. நான்தான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. எதிர்ல அருள் வேற என்னையே பாத்துக்கிட்டு நிக்கிறான். அவன் முன்னாடி பொய் சொல்ல முடியுமா? "வீட்டுக்காரிங்க"ன்னேன். துரைச்சாமிக்கு முகமெல்லாம் சந்தோசம். சட்டைப் பையில இருந்து செல்லை எடுத்தாரு: "அப்படீங்களா! அப்ப நடுவுல நீங்க எதுக்குங்க, அம்மா நம்பரையே குடுத்துருங்க!"

எதிர்த்த கடைக்காரன் மேல பொறாமைப்பட்டா ஷட்டரைச் சாத்திட்டாவது வீட்டுக்குப் போகலாம். இப்ப அந்த வீட்டுக்குத்தான் எப்படிப் போறதுன்னு தெரியல.