ஒரே கூட்டம், இரண்டு அழுகை

அன்று ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில் எங்கள் அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நாகலாபுரத்து மைதீன் அண்ணாச்சி, கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த சுடலைமுத்து, புதூர்க்காரனான நான். பேச்சு வழக்கம்போல அந்த ராக்கெட் படம்தான்.

"கடைசி சீன் ஒண்ணு போதும்லா அண்ணாச்சி! எத்தன தடவ பார்த்தாலும் கண்ணு கலங்கிரும்," என்றான் சுடலைமுத்து.

கோவில்பட்டி டென்டுக்கொட்டகையில் வருஷந்தோறும் ஓடும் இங்கிலீஷ் படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொல்வார். சந்திரனுக்குப் போனவன் கடைசியில் திரும்பி வருவான். "அனுப்பி வச்ச சனமே அழைக்க வந்திருக்கு பாருங்க!" என்பார். திரையில் குடை பிடித்த ஒருத்தி முன்னால் நிற்க, கூட்டம் கையாட்டி அழும். மூத்திர நாற்றத்திலும் வெற்றிலை எச்சில் மணலிலும் உட்கார்ந்து, புருஷனைக் கடல்தாண்டி அனுப்பிய பெண்களும் அழுவார்கள். என் மனைவி ஏழு தடவை அழுதிருக்கிறாள்.

அதே படத்தை முந்தின நாள் இங்கே பார்த்தேன். தொடக்கத்தில் வழியனுப்பும்போது திரையில் அந்தக் குடைக்காரி அழுதாள்; இங்கே பார்க்கிறவர்கள் யாரும் அழவில்லை. இருட்டில் தர்பூசணி விதை கொறிக்கும் சத்தம் மட்டும். போனவன் சந்திரனிலேயே நின்றான், விளக்கு எரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. டிக்கெட் கிழிக்கும் சீனர் வந்து "ஹாபிஸ், ஹாபிஸ்" என்றார். முடிந்துவிட்டதாம். திரும்பி வரமாட்டானா என்று விரலை மேலே காட்டிக் கீழே இறக்கினேன். அவர் கக்கூஸ் பக்கம் கை காட்டினார்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோவில்பட்டிக் கொட்டகைக்காரர்கள் வழியனுப்பும் ரீலையே கடைசியிலும் ஓட்டி, வரவேற்பு என்று நம்ப வைத்திருக்கிறார்கள். ஒரே அழுகையை இரண்டு தடவை விற்ற பயல்கள்!

சொன்னேன். மைதீன் அண்ணாச்சி சிரித்தார். "ஏலே, இங்கன உள்ளவன் கடைசி ரீல வெட்டியிருப்பான்."

"அதே குடைக்காரி அண்ணாச்சி, அதே அழுக!"

"இருந்துட்டுப் போட்டும். ஒம் பொண்டாட்டிக்கு மட்டும் எழுதிராத டே. கொட்டகைய கொளுத்திருவாளுவ."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பே அருவருப்பாக இருந்தது. என் பெட்டியில் இந்த நாட்டுப் பிரஜையாகும் விண்ணப்பப் பாரம் கிடந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் வேலை நிலைக்காது. போட்டால் ஊருக்கு நான் அந்நியன். அதன்மேல் அவள் கடிதம்: "படத்தில் வந்த ஆள் மாதிரி நீங்களும் வந்துவிடுவீர்கள் என்று இருக்கிறேன்."

மறுநாள் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவளுக்கு எழுதினேன்: "அந்தப் படம் இங்கேயும் ஓடுகிறது. முடிவு அதேதான்."

இரண்டு உறைகளையும் ஒரே நாக்கால் நக்கி ஒட்டினேன். பசையின் ருசி நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. வெளியே போய்த் துப்பினேன், போகவில்லை.