ஓட்டுச்சாவடியில் என் பெயர்

போன வாரம் எலெக்‌ஷனில் நான் ஓட்டுப் போட்டேன். அது செய்தியல்ல. என் சகதர்மிணி போட்டாள் — அதுதான் செய்தி!

வரி கட்டுகிறவன் மனைவிக்கும் ஓட்டு என்று புதுச் சட்டம்; நான் கட்டும் நிலவரியின் புண்ணியத்தில் அவளுக்கும் இந்தத் தடவை ஓட்டு வந்துவிட்டது. தேர்தலுக்கு நிற்பவர்களுக்கு ஆளுக்கொரு வர்ணப் பெட்டி. சீட்டை எதில் போடுகிறோமோ அவருக்கு ஓட்டு. பச்சைப் பெட்டிக்காரரிடம் நான் முன்பே வாக்குக் கொடுத்திருந்தேன். "எங்க ஊட்டு ஓட்டு ரெண்டும் உனக்குத்தான் அண்ணாத்தே!" அவளைக் கேட்டேனா? கேட்பதாவது!

பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு மாட்டு வண்டியில் போனோம். அவளுக்குக் கூரைப்புடவை, தலை கொள்ளாத பூ... வழியெல்லாம் பாட்டு வேறு.

நான் போட்டுவிட்டு வாசலில் நின்றேன். அவள் முறை வந்தது.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்றார் ஆபீசர்.

வந்ததே வினை! கட்டியவன் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? பின்னால் நின்ற பக்கத்து வீட்டு முனியம்மா, "நான் சொல்றேன் சார்..." என்று வாயைத் திறந்தாள். சிவப்புப் பெட்டி ஏஜெண்ட் துள்ளி எழுந்தார்.

"அடுத்தவங்க சொல்லக் கூடாது சார்! புருசன் பேரு தெரியாதவங்களுக்கு ஓட்டு இன்னாத்துக்கு? அனுப்புங்க!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் நகரவில்லை. "போட்டுட்டுத்தான் போவேன்!" எனக்கோ வாசலில் இருப்புக்கொள்ளவில்லை.

ஆபீசர் நல்ல மனுஷர். "நான் பேர் படிக்கிறேன். உங்க வீட்டுக்காரர் பேர் வந்தா தலையாட்டுங்க. கோவிந்தசாமி?"

"இல்லீங்க."

"ஆறுமுகம்?" — அது ஏஜெண்ட்டின் பெயர்!

"த்தூ! அந்த மூஞ்சியா?"

சாவடியே சிரித்தது.

"பொன்னுரங்கம்?"

தலை ஆடவில்லை... குனிந்தது. முகமெல்லாம் சிவந்து, முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மணவறையில்கூட அவள் இப்படி வெட்கப்பட்டதில்லை ஐயா! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இவங்கதான்!" என்று சீட்டைக் கொடுத்துவிட்டார் ஆபீசர். ஏஜெண்ட்டும் சிரித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

வண்டி ஏறியதும் கேட்டேன். "பச்சைப் பெட்டிதானே?"

"ஆருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு ஆபீசரு சொன்னாருங்க."

"நான் ஆரோவாடி? உன் புருசன்!"

"புருசன்கிட்ட மட்டும் சொல்லலாம்னு அவரு சொல்லலீங்களே!"

சொல்லிவிட்டு, மடியில் கட்டி வந்த வேர்க்கடலையை உரித்து என் கையில் வைத்தாள். மறுபடி பாட்டு!

மனைவிக்கு ஓட்டு வந்தால் புருஷனுக்கு இரண்டு ஓட்டு என்று ஊரெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோமே... கொஞ்சம் பொறுங்கள்.

நாளைக்குப் பச்சைப் பெட்டிக்காரர் வீட்டுக்கு வருகிறார். என்ன சொல்ல? எங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஒரு கட்சியா, இரண்டு கட்சியா — எனக்கே தெரியாது!