மரகதமக்கா ஒரே ஒருமுறை அச்சிட்ட சொல்

அந்தச் செய்தி எனக்கு ஒரு வேலையாக வந்தது. கணபதிப் பகுதியில் உள்ள என் அச்சுவேலைக் கடையில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வந்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அவசரமாக வேண்டும் என்று தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். மரகதமக்கா. அவருடைய மகள் கவிதாவின் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்றவரின் தோள் மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அந்தத் தோள் என்னுடையது.

“எப்பங்க?” என்றேன்.

“காலையிலதானுங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் அவங்க தம்பி பையனுங்க.”

பெயருக்கு மேலே ‘சுவையரசி’ என்று பெரிய எழுத்தில் போடச் சொன்னார். அந்தச் சொல் வேண்டாமுங்க என்றேன். “ஏனுங்க, அத்தை சமையல் புத்தகத்துக்குத்தானுங்க ஆசிரியரா இருந்தாங்க?” என்று கேட்டார். விளக்கிச் சொல்லும் நிலையில் நான் இல்லை. ‘உலைமூடி மாத இதழின் ஆசிரியர்’ என்று மட்டும் அடித்தேன். ஓரத்தில் தெரிந்த என் தோளை வெட்டி எடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன்.

அன்று அந்தப் பையனிடம் சொல்ல முடியாததை, ‘உலைமூடி’யை வாங்கிப் படித்த உங்களிடம் சொல்கிறேன். அதில் பக்கம் வடிவமைத்ததும் பிழை திருத்தியதும் நான்தான். உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியாது, அந்த இதழில் ‘சுவை’ என்ற சொல் வராது. சுவையான சட்னி, சுவைமிக்க குழம்பு எதுவும் கிடையாது. எழுதி வந்தால் அக்கா அடித்துவிடுவார். “அதைத் தின்னவங்க சொல்லோணும் துரைசாமி. நாம சொன்னா அது விளம்பரமுங்க” என்பார். வாயில் போட்டதும் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத வேண்டும். எது முதலில் வந்தது, எது பின்னால் நின்றது, எது வரவே இல்லை. ஒரு மெஸ்ஸின் சட்னியைப் பற்றி, “முதலில் வறுத்த நிலக்கடலை, கடைசியில் புளி, நடுவில் ஒன்றுமில்லை” என்று எழுதினார். அந்த மெஸ்காரர் சண்டைக்கு வந்தார். வந்தவரை உட்கார வைத்து, அவருடைய சட்னியையே வரவழைத்து, அவர் வாயாலேயே அதைச் சொல்ல வைத்து அனுப்பினார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வாசகர் அனுப்பும் எந்தச் செய்முறையும் இதழ் அச்சான அச்சகத்தின் பின்கட்டில் இருந்த சின்ன அடுப்பில் சமைத்துப் பார்க்காமல் பக்கத்துக்குப் போகாது. சமைப்பது பெரும்பாலும் நான். எனக்கு வெந்நீர் வைக்கவே வராது. அதனால்தான் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். “தப்பு நடக்கறதுன்னா உங்க கையிலதானுங்க நடக்கும்” என்று என் முகத்துக்கு நேரே சொல்வார். வெள்ளகோவிலிலிருந்து ஓர் அம்மா கொள்ளு ரசம் எழுதி அனுப்பியிருந்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்துச் செய்தேன். அதில் உப்பு எழுதப்படவில்லை, நானும் போடவில்லை. அக்கா அச்சகத்தில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடிக்க வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“ஏனுங்க அம்மணி, ரசத்துக்கு உப்பு எழுதலைங்களே?”

ஸ்பீக்கரில் பதில் வந்தது. “உப்புப் போடோணும்னு கூடவாங்க எழுதோணும்? அது தெரியாத ஆளு இருக்கறாங்களா?”

“இருக்கறாருங்க. எங்க ஆபீஸ்லயே ஒருத்தரு இருக்கறாரு. அவரு குடும்பத்துக்காக எழுதிப் போடுங்க.”

அதற்குப் பிறகு வெகுகாலம் அச்சகத்தில் என் பெயர் உப்பு துரைசாமி.

ஊரடங்குக் காலத்துக் காய்ச்சல் அக்காவையும் பிடித்தது. உயிர் பிழைத்து வந்துவிட்டார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். ஒரு மதியம் பின்கட்டில் நான் வைத்திருந்த எண்ணெயில் பூண்டு கருகிப் புகைந்தது. முன்பக்கத்தில் மிஷின் ஓட்டுகிறவர்கள்கூட ஓடி வந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்திலேயே, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அக்கா தலை நிமிராமல் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். “அப்பறம் சொல்றேனுங்க” என்றார். சொல்ல எதுவும் மிச்சமில்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

எல்லாருக்கும் வாசம் திரும்பி வந்தது, உங்களுக்கும் வரும் என்றார்கள். வரவில்லை. வாசமும் போய், ருசியும் போய், சூடு குளிர் மட்டும் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் ஊர் ஊராகச் சாப்பிட்டு எழுதும் அவருடைய பத்தி நின்றது. இதழின் முதலாளி கூப்பிட்டுப் பேசினார். நானும் உடன் இருந்தேன்.

“இத்தனை வருசம் தின்ன நாக்குங்க. ஞாபகத்துல இருந்து எழுதுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமுங்களே” என்றார் அக்கா.

அந்த மாதம் கடைசிப் பக்கத்துக்கு அவர் கொடுத்தது இரண்டே வரி. ‘எனக்கு இப்போது சுவை தெரிவதில்லை. இனி இந்தப் பக்கத்தை நான் எழுத மாட்டேன்.’ அந்த இரண்டு வரியைப் பக்கத்தில் வைத்தது நான்தான். தன் ஆயுள் முழுக்க விரட்டியடித்த சொல்லை முதல்முறையாக, தனக்கு அது இல்லை என்று சொல்வதற்காக, அச்சில் ஏற்றினார். நீங்கள் உருகி உருகி எழுதினீர்கள், கைவைத்தியமெல்லாம் அனுப்பினீர்கள். விளம்பரம் கொடுத்து வந்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். சில மாதத்தில் வேறோர் ஆசிரியர் வந்தார். ‘சுவையோ சுவை’ என்று அட்டையிலேயே போட்டார்கள். பிறகு இதழே நின்றுபோயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அக்காவை ஒரு வார்த்தை சொல்லி வழியனுப்பக்கூட ஆளில்லாமல் போனதுதான் இன்றுவரை ஆறவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் துடியலூரில் அவர் வீட்டுக்குப் போவேன். அவர்தான் சமைப்பார். எனக்குப் பரிமாறிவிட்டுத் தன் தட்டில் எதுவும் போட்டுக்கொள்ளாமல் எதிரே உட்கார்ந்திருப்பார்.

“சொல்லுங்க துரைசாமி.”

“நல்லா இருக்குதுங்க.”

“நல்லா இருக்குதுன்னு சொல்லாதீங்க. என்ன இருக்குதுன்னு சொல்லுங்க.”

தட்டுத்தடுமாறிச் சொல்வேன். புளி தூக்கல், கடுகு கருகிவிட்டது, வெங்காயம் இனிக்கிறது. கேட்டு முடித்த பிறகே தன் தட்டில் போட்டுக்கொள்வார். “நீங்க சொன்னதைத்தானுங்க நான் திங்கறேன்” என்பார். நான் போகாத நாட்களில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டதில்லை. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஒருமுறை அவராகவே சொன்னார்: “பசி வருதுங்க. ஆசைதான் வரதில்லை.”

காரியத்தன்று சமையற்காரர்கள் இருந்தும், அரிசிம்பருப்புச் சாதத்தை மட்டும் கவிதா தன் கையால் ஆக்கியிருந்தாள். அம்மா போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் வீட்டுக்காரர் என்னிடம் கவலைப்பட்டார். பந்தியில் எல்லாரும் அருமையாக இருக்கிறது என்றார்கள். அவள் தலையாட்டிக்கொண்டே நகர்ந்து வந்து என் இலைக்கு முன்னால் நின்றாள்.

“சொல்லுங்க மாமா.”

பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். துக்க வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்வார்களா என்று நானும் ஒரு கணம் தயங்கினேன்.

“சீரகம் முன்னாடி வருது கண்ணு. பூண்டு நல்லா வெந்து, இருக்கற எடமே தெரியாம கரைஞ்சிருக்குது. பருப்பு கொஞ்சம் அடி பிடிச்சிருக்குது. உப்புக் கம்மி.”

கவிதா என் எதிரே காலியாக இருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தானே சாதத்தைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். இலையில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். எங்கே சாப்பிட்டாலும், முதல் வாய் உள்ளே போனதும் கை நின்றுவிடுகிறது. என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, எதிரே ஒருவர் தன் தட்டில் போட்டுக்கொள்வதற்காகக் காத்திருக்கிறேன்.