பேத்திக்கு எந்தக் கட்டம்

மகள் இங்கிலாந்திலிருந்து கூப்பிடும்போது இங்கே பர்மாவில், எங்கள் தாகேதாவில் மின்சாரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைப்பேசிக் கோபுரமும் செத்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த மின்சாரம் மூன்று மணி பத்து நிமிடம் நின்றது. குறித்து வைத்திருக்கிறேன்.

பேத்தியின் பள்ளிக்கூடப் படிவத்தைத் திரையில் காட்டினாள். இனம் என்ற இடத்தில் கட்டங்கள். எண்ணினேன், பதினெட்டு. மறுபடி எண்ணினேன், பத்தொன்பது.

“எண்ணினது போதும்ப்பா. இவளுக்கு எதுல டிக் போடறது?”

மருமகன் பர்மிங்காமில் பிறந்த கறுப்பர். அவருடைய தாய் சிறு வயதில் ஜமைக்காவிலிருந்து போனவர். இறந்து ஆறு வருடமான என் மனைவி பர்மியப் பெண். நான் தமிழன், இந்த ஊரில் மூன்றாம் தலைமுறை. பேத்தி ஒரு கட்டத்திலும் அடங்கவில்லை. ‘வேறு கலப்பு, எழுதவும்’ என்று கடைசியில் ஒரு கோடு இருந்தது.

“எம் மாமியார் எல்லாத்தையும் எழுதச் சொல்றாங்க. அவங்க தெருவுல பஞ்சாபி, சோமாலி, போலந்துக்காரங்க எல்லாரும் இருக்காங்கல்ல? எழுது, படிக்கட்டும்ங்கிறாங்க.”

“நம்மளத் தமிழ்னு எழுதாத.”

“ஏம்ப்பா?”

“உன் அடையாள அட்டைக்கு எத்தன தடவ நின்னோம்? மறந்துட்டியா?”

மறந்திருக்க மாட்டாள். கலப்பு இரத்தம் என்று எங்களுக்குத் தனி வரிசை. பதினோரு தடவை போனோம். என் தந்தையின் தாள், அவர் தந்தையின் தாள் என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறைந்தது. அவளோடு படித்த பெண்கள் ஒரே நாளில் வாங்கி வந்தார்கள்.

“இங்க நாம சொல்றதுதான்ப்பா. தாளெல்லாம் கேக்க மாட்டாங்க.”

“இன்னிக்குக் கேக்க மாட்டான். எழுதி வாங்கி வச்சுக்குவான். எம்பேச்சக் கேளு, வேணாம்.”

பேத்தி நடுவில் தலையை நீட்டி, “போபோ!” என்றாள். தாத்தாவுக்குப் பர்மியச் சொல். என்னிடம் அவள் சொல்லும் ஒரே சொல்லும் அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் மின்சாரம் போயிற்று.

எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். தமிழ் பேச இரண்டு பேர், ஒருவர் நான். மற்றவர் கீழ்வீட்டுக்காரர், காது கேட்காது. இறங்கிப்போய், பேத்திக்கு நம் இனம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

“சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு,” என்றார்.

மேலே வந்தேன், இருபத்திரண்டு படிகள். எனக்கு ஒரே மகள், ஒரே பேத்தி. எனக்குப் பிறகு எங்கள் பக்கத்தைச் சொல்ல வேறு எவரும் இல்லை என்பது, ஒன்றும் ஒன்றும் கூட்டத் தெரிந்த எனக்கு, அப்போதுதான் உறைத்தது. கைப்பேசியை எடுத்தேன். கோபுரம் இல்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் கிடைத்தாள்.

“ஏம்மா, அதுல தமிழையும் சேத்து எழுதிடு.”

“அன்னிக்கே அனுப்பிட்டேனே. நீங்கதானேப்பா வேணாம்னீங்க.”

“என்ன எழுதின?”

“ஜமைக்கா, பர்மா.”

எண்ணினேன், இரண்டு.

“அந்தக் கோட்டுல இன்னும் எடம் இருந்துச்சா?”

“நெறைய இருந்துச்சுப்பா.”