படிக்காமல் போட்ட கையெழுத்து

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் அவருக்குச் சாட்சியார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. குமாஸ்தா வேலைதான்: கோப்பு எடுத்து வைப்பது, கோர்ட்டில் கட்டணம் கட்டுவது, படிவங்களை அச்சடித்த மாதிரி எழுத்தில் நிரப்புவது. ஆனால் உயில் எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத்தான் வருவார்கள். பெற்ற பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்றுதானே வருவதே? உயிலுக்கோ இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று இவர், இன்னொன்று கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். முப்பத்துநான்கு வருஷமாக இரண்டு பேரும் போட்ட கையெழுத்துக்குக் கணக்கே கிடையாது.

அந்த வேலையில் சாட்சியாருக்கு ஒரு வீம்பு உண்டு. உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி படிக்கமாட்டார். எழுதியவர் தன் கண்முன்னால் கையெழுத்துப் போடுகிறாரா என்று பார்த்தால் போதும், உள்ளே இருப்பது ஊரான் வீட்டுச் சமாச்சாரம் என்பார். மேல் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் பேனாவையே திறப்பார். ஜெராக்ஸ்காரருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எழுத்தே தெரியாது, கண்ணாடியோ எப்போதும் கடையில்தான் கிடக்கும். ரகசியம் காக்க இதைவிடப் பொருத்தமான ஜோடி எங்கே கிடைக்கும்?

படிக்காமல் இருப்பதற்கு ஈடாக ஒரே ஒரு கேள்வியை எல்லாரிடமும் கேட்டுவிடுவார். "சாட்சி போடுறவங்களுக்கு இதுல ஏதாவது எழுதி வச்சிருக்கீங்களா?" அதற்குக் காரணம் உண்டு. உயிலில் பங்கு பெறுகிறவர் அதே உயிலுக்குச் சாட்சி போடக் கூடாது. போட்டுவிட்டால் உயில் நிற்கும், அவர் பங்கு மட்டும் செல்லாமல் போய்விடும். இதை அவர் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பார், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதிய நேரம் அவருடைய அக்கா படியேறி வந்தாள். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். சொந்தச் சம்பாத்தியத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக ஒரு வீடு வாங்கியவள். மனைவி இறந்து, பிள்ளை குட்டி இல்லாமல், தகரப் பெட்டியோடு வந்து நின்ற தம்பியை உள் அறையில் வைத்துப் பதினோரு வருஷம் சோறு போட்டவளும் அவள்தான். மறுநாள் அவளுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. வக்கீலம்மா வெளியூர்க் கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

"நானே எழுதிட்டேன்டா. மாதிரியைப் பார்த்து எழுதினேன், தப்பிருக்காது. நீயும் அந்தக் கடைக்காரரும் கையெழுத்துப் போடுங்க. கவரை வக்கீலம்மாகிட்ட குடுத்துடு."

சாட்சியார் வழக்கம்போல் மேல் பக்கத்தைத் திருப்பினார். வழக்கமான கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. ஊரார் யாரையும் அதைக் கேட்கலாம். அக்காவிடம் எப்படிக் கேட்பது? எனக்கு என்ன எழுதியிருக்கிறாய் என்று கை நீட்டுவது மாதிரி ஆகிவிடாதா? அதுவும் நாளைக்குக் கத்தி வைக்கப் போகிற வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறவளிடம். பேசாமல் கையெழுத்துப் போட்டார். அக்கா கவரை ஒட்டினாள். மறுநாள் வந்த வக்கீலம்மா ஒட்டிய கவரைப் பிரிக்காமல் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாகத்தான் முடிந்தது. அதற்கப்புறம் நாலு வருஷம் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். "ஒருநாள் வீட்டை யாருக்காவது எழுதி வச்சிட்டுப் போறேன் பாரு, நீ தெருவுல நிப்பே" என்று அவள் கேலி செய்வாள். "நின்னுட்டுப் போறேன், அங்கே காத்தாவது வரும்" என்பார் இவர். ஒரே ஒரு வாய்ப்பேச்சில், வேறு சாட்சி வைத்துச் சரிசெய்திருக்கலாம். இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கே வயிறு எரிகிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

போன வருஷம் ஜெராக்ஸ்காரர் போய்ச் சேர்ந்தார். இந்த வருஷம் அக்கா.

கவரைப் பிரித்துப் படித்தது வக்கீலம்மா. எதிர் நாற்காலியில் இவரும், வேறு ஊரிலிருந்து வந்த அண்ணனும். "என் வீடு என் தம்பிக்கு. அவன் வாய் திறந்து கேட்கமாட்டான், அதனால் நானே எழுதுகிறேன். இது போக மிச்சம் எது இருந்தாலும் என் அண்ணனுக்கு." உயிலை நிறைவேற்றும் நிர்வாகியாக வக்கீலம்மாவின் பெயர். கடைசிப் பக்கத்தைத் திருப்பியதும் வக்கீலம்மா அப்படியே நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். ஏன் என்று சாட்சியாருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, அந்தப் பக்கத்தில் இருந்தது அவருடைய கையெழுத்து.

அண்ணன் போன பிறகு வக்கீலம்மா மெதுவாகச் சொன்னார். "நான் இந்த உயிலுக்கு நிர்வாகி. உங்களுக்கு நான் யோசனை சொல்லக் கூடாது. தனியா ஒரு வக்கீலைப் பாருங்க. இன்னிக்கே பாருங்க."

தெருவின் எதிர்ச் சாரியில் இருந்த இன்னொரு வக்கீல் பருமனானவர், நல்ல மனுஷன். ஒரு காகிதத்தில் கோடு போட்டு விளக்கினார், தெரிந்தவருக்கே.

"முதல்ல புரொபேட். உயில் நிஜம்தான்னு கோர்ட்டு சான்று குடுக்கணும். அதுக்கு சாட்சியில ஒருத்தராவது வந்து சொல்லணும். உயிரோட இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அப்புறம்தான் நிர்வாகி சொத்தைத் தொட முடியும், மரண வரி, அதான் இறந்தவங்க சொத்துக்கு விழற வரி, அதைக் கட்டி மிச்சத்தைப் பிரிக்க முடியும்."

"நான் பார்த்தேன்னு சொன்னா?"

"உயில் நிக்கும். உங்க பங்கு விழுந்துடும். விழுந்தது மிச்சத்துல போய்ச் சேரும். மிச்சம் முழுக்க அண்ணனுக்கு."

"உயிலே நிக்கலைன்னா?"

வக்கீல் பேனாவை மூடினார். "உயிலே இல்லாத மாதிரி. நீங்க ரெண்டு பேரும் பாதிப் பாதி. இதுக்கு மேல நான் பேசினா தப்பாயிடும், சார்."

பேச என்ன இருக்கிறது? 'ஞாபகம் இல்லை' என்றால் போதும். அறுபத்தாறு வயசு, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். பாதி வீடு கையில் நிற்கும். கூண்டேறி அந்த இரண்டு வார்த்தையால் தப்பித்துப் போனவர்களை அவர் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்.

மூன்று வாரம் இதையே திருப்பித் திருப்பி யோசித்தார். அலமாரியில் இன்னும் பிரிக்காத கவர்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்து. இந்த ஆளுக்கு ஞாபகம் நிற்காது என்று கோர்ட்டு ஒருமுறை எழுதிக்கொண்டால் அந்தக் கவர்களெல்லாம் என்ன ஆகும்? இது ஒரு கவலை. ஆனால் உள்ளே அரித்தது வேறு. அக்கா தனக்கு ஆசையாகக் கொடுத்தாள் என்பதற்கு உலகத்தில் இருப்பது அந்த ஒரு காகிதம்தான். அதைத் தானே இல்லை என்று சொன்னால், கிடைக்கிற பாதி சட்டம் போட்ட பிச்சை, அக்கா கொடுத்தது ஆகாது. அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார். "உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"நன்றாக ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்குங்க. பேனா எழுதலை. உதறிட்டு எழுதினாங்க. மை தெறிச்சது, அந்தப் புள்ளி மூலையில இருக்கும் பாருங்க."

நீதிபதி மூலையைப் பார்த்தார். புள்ளி இருந்தது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வராந்தாவில் அண்ணன் காத்திருந்தான். "ஏன்டா, சாட்சி போட்டா பங்கு போயிடும்னு உனக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும்ணா. எல்லாருக்கும் நான்தான் சொல்லுவேன்."

அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். கெட்டவன் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் நல்லவனாக இருந்திருக்கலாம், அவ்வளவுதான். "நான் கேட்டு வாங்கலைடா, தானா வந்தது. வரி வேற கட்டணுமாம், வீட்டை வித்தாத்தான் முடியும்னு வக்கீலம்மா சொல்றாங்க. அவசரமில்ல. ரெண்டு மாசம் இருந்துக்க."

"சரிண்ணா."

வரிப் படிவம் அலுவலகத்துக்கு வந்தது. அந்த மாதிரிப் படிவங்களை நிரப்புவது அவர் வேலை. அறைகள் எத்தனை, சுவர் எப்படி, என்ன சாமான் என்று ஒவ்வொன்றாக எழுதினார். அக்காவின் கட்டில், அக்காவின் கடிகாரம், மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா, இருந்தால் எந்த உரிமையில் என்று கேட்டிருந்தது.

வக்கீலம்மா பக்கத்தில் வந்து நின்றார். "அதை நான் எழுதட்டுமா?"

"வேண்டாம்மா. எல்லாம் ஒரே எழுத்தா இருக்கட்டும்."

'ஒருவர். உரிமை எதுவும் இல்லை' என்று எழுதினார். கீழே, படிவத்தை நிரப்பியவர் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். வழக்கம்போல் மேல் பக்கங்களைத் திருப்பி வைக்கப் போன கை பாதியில் நின்றது. சாட்சியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூன்று பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்த பிறகு கையெழுத்துப் போட்டார்.